எலியாவும் எலியும்



பூண்டுலோயாப் பகுதியில் நான் பங்குப் பணி செய்த காலத்தில் புரிந்த ஒரு குற்றத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதைச் சொல்லிப் பரிகாரமும் செய்தாயிற்று. ஆகையால் பத்திரிகையில் எழுதுவதற்கு வெட்கம் உண்டே தவிர பயம் இல்லை.

ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் நவநாள். மழைக்காலம். மாலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் வழிபாடு. அன்றைய வாசகத்தை நான்தான் தெரிந்தெடுத்திருந்தேன். கார்மேல் மலையில் எலியா இறைவாக்கினர் பாகாலின் குருக்களோடு போட்டியிட்ட வரலாறு (1 அரசர் 18). மலையில் வாழும் மக்களுக்கு மலையில் நடந்த சம்பவம் பிடிக்கும் என்று ஓர் எண்ணம். வாசித்தவன் எட்டாம் வகுப்புப் பையன். கூச்ச சுபாவம் உள்ளவன். அவனை வாசிக்க இசைய வைக்கவே உபதேசியாருக்கு ஒரு மாதம் பிடித்தது. நான் கொடுத்த தாளில் ‘எலியா’ என்ற பெயர் வரியின் முடிவில் இரண்டாக உடைந்திருந்தது. ‘எலி’ மேல் வரியில், ‘யா’ கீழ் வரியில். பையன் “அப்பொழுது எலி” என்று வாசித்து நிறுத்தினான். மூச்செடுத்துக் கீழ் வரியைத் தேடிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் ஒரு குழந்தை தாயைப் பார்த்து உரத்த குரலில், “எலியாம்மா?” என்று கேட்டது.

ஆலயத்தில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடிக்க விட்டேனா? பிரசங்கத்தைத் தொடங்கும்போதே, “ஸ்டோரிலேதான் எலித் தொல்லை என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு வேதாகமத்துக்குள்ளேயும் புகுந்துவிட்டது!” என்றேன். தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து, அவனும் இரசிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் பிரசங்கங்களில் மக்கள் இவ்வளவு உற்சாகம் காட்டியது அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விசாரித்தபோது உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் ‘எலி’, பள்ளிக்கூட பஸ்ஸில் ‘எலி’, அவன் ஏறினால் பின்னாலிருந்து ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம். பெயர் வைத்தவன் யார்? வேறு யார், பங்குச் சுவாமிதான்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிரிப்பு என்றால் என்ன, ஒருவனுக்குச் சிரிப்பாக இருப்பது மற்றவனுக்கு ஏன் முள்ளாகத் தைக்கிறது என்று அன்றுதான் முதன்முறையாகச் சரியாக யோசித்தேன். குருமடத்தில் நாம் தத்துவம் படிக்கிறோம், ஒழுக்கவியல் படிக்கிறோம். சிரிப்பைப் பற்றி ஒருவரும் வகுப்பு எடுப்பதில்லை.

ஆனால் பெரியவர்கள் யோசிக்காமல் இல்லை. நம் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும்போது முதலில் வைத்தது நகையைத்தான். அது பிறக்கும் இடங்கள் என்று அவர் காட்டுபவை நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது கேலி. இளமை குழந்தைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பது சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெகுளித்தனம். என் நவநாளை இதில் பொருத்திப் பாருங்கள். குழந்தை கேட்ட கேள்வி இளமை. பையனின் தடுமாற்றம் பேதைமை. நான் செய்தது எள்ளல். ஒரே ஆலயத்தில், ஒரே எலியின் பேரில், மூன்று விதச் சிரிப்பு! முதல் இரண்டிலும் ஒருவருக்கும் காயமில்லை. உரையாசிரியர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: இவை பிறரிடத்தும் தோன்றலாம், தன்னிடத்தும் தோன்றலாம். அதாவது, பிறரைக் கேலி செய்தும் சிரிக்கலாம்; தன்னைத்தானே கேலி செய்தும் சிரிக்கலாம்.

மேல்நாட்டாரும் இதைப் பலவாறு விளக்கினார்கள். சிரிப்புக்குரியது ஒரு குறைதான், ஆனால் வலியும் கேடும் விளைவிக்காத குறை என்றார் அரிஸ்தோத்தில். பிறன் தாழ்ந்து நிற்கக் கண்டு, தான் உயர்ந்துவிட்டதாக ஒரு கணத்தில் எழும் பெருமையே சிரிப்பு என்று 1651 இல் எழுதினார் இங்கிலாந்துக்காரர் ஹொப்ஸ். கசப்பான மனிதர்; ஆனால் அன்று இரவு அவர் என்னைப் பார்த்தே எழுதியதாகத் தோன்றியது. ஜெர்மானியரான கான்ட் 1790 இல் வேறு விதமாகச் சொன்னார்: மனம் ஒன்றை எதிர்பார்த்து விறைத்து நிற்கையில், அந்த எதிர்பார்ப்பு திடீரென்று ஒன்றுமில்லாமல் போவதால் சிரிப்பு வருகிறது. இறைவாக்கினர் வருவார் என்று காத்திருந்தோம், எலி வந்தது. அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தில் ஒரு காரியம் அடங்கியிருக்கிறது. எதிர்பார்ப்பு இருந்தால்தானே அது ஏமாறும்? எலியா யாரென்று அறியாதவனுக்கு அன்றைய சம்பவத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. ‘எலி’ என்ற தமிழ்ச் சொல் தெரியாதவனுக்கும் இல்லை. ஆகவே சிரிப்பு ஓர் ஊரின் சொத்து, ஒரு மொழியின் சொத்து. வேலி தாண்டினால் அது செல்லாக்காசு.

இதற்கு என் சொந்த அனுபவமே சாட்சி. நான் வடபுலத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் ‘கதைப்பது’ என்றால் உரையாடுவது. ‘பேசுவது’ என்றால் ஏசுவது. மலைநாட்டில் முதல் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு பாட்டி கைகூப்பி, “சாமி, இன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசுனீங்க” என்றார். எனக்குத் திக்கென்றது. யாரை ஏசினேன்? எதற்காக ஏசினேன்? நன்றாக ஏசினேன் என்று வேறு சொல்கிறாரே! உபதேசியாரிடம் இரகசியமாகக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

இந்தப் பேச்சுவழக்கு வேறுபாடே நம் நாட்டில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சிரிப்பை அள்ளிக் கொடுத்தது. இலங்கை வானொலியில் 1970களில் ஒலித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ நாடகத்தைப் பற்றி என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். எஸ். ராமதாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும் நடித்தார்கள். முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். 1976 இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. யாழ்ப்பாணத்தான் அப்புக்குட்டியைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நிமிடம் மரிக்காரைப் பார்த்துச் சிரித்தான். எல்லாருக்கும் முறை வந்ததால் ஒருவருக்கும் பெரிதாக நோகவில்லை என்று நினைக்கிறேன். ஒரே ஆள் எப்போதும் அடி வாங்கும் இடத்தில் நின்றால் கதை வேறு. மலைநாட்டுத் தமிழைப் பேசிக் காட்டி, ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்லிச் சிரித்த எங்கள் ஊர்ச் சிரிப்பை நான் சிறுவனாய்க் கேட்டிருக்கிறேன். கூடச் சிரித்தும் இருக்கிறேன். அந்தச் சிரிப்பில் முறை மாறவே இல்லை.

பூண்டுலோயாவை அறிந்தவர்களுக்கு டன்சினன் தோட்டத்தைத் தெரியும். அழகான நீர்வீழ்ச்சி, 2018 இல் இந்திய உதவியோடு கட்டப்பட்ட தனி வீடுகள் கையளிக்கப்பட்டதும் அங்கேதான். அந்தப் பெயர் ஸ்கொத்லாந்து நாட்டிலுள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தைப் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். காடே நகர்ந்து டன்சினன் குன்றை நோக்கி வந்தால் ஒழிய மக்பெத் அரசனுக்குத் தோல்வி இல்லை என்று சூனியக்காரிகள் ஆரூடம் சொல்கிறார்கள். (நம் டன்சினனில் நடந்தது நேர்மாறு. இங்கே காடு வரவில்லை, போய்விட்டது. முதலில் கோப்பி வந்தது, பிறகு தேயிலை.)

அதே நாடகத்தில் ஒரு சிரிப்புக் காட்சி உண்டு. அரசன் கொலையுண்டு கிடக்கிறான், வாசற்கதவு தட்டப்படுகிறது, குடிபோதையில் வாயிற்காவலன் தள்ளாடி வருகிறான். தான் நரகத்தின் வாயிற்காவலன் என்று கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொருவராய் உள்ளே அழைக்கிறான். கோல்ரிட்ஜ் என்ற பெரும் கவிஞருக்கு இந்தக் காட்சி சிரிப்பாகப் படவில்லை. பாமரக் கூட்டத்துக்காக வேறு எவனோ எழுதிச் சேர்த்தது என்றே தள்ளிவிட்டார். வேறு பலர் நாடகத்தின் உச்சமே அதுதான் என்கிறார்கள். இத்தனை படித்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு பேதம்.

அதுவல்ல நான் சொல்ல வந்தது. அந்தக் காவலன் நரகத்துக்குள் வரவேற்கும் ஆட்களில் ஒருவன், இரட்டை அர்த்தத்தில் பேசி உண்மையை மறைப்பவன். இது இயேசு சபைத் துறவியான அருட்தந்தை ஹென்றி கார்னெட்டைக் குறிக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வெடிமருந்துச் சதி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு, 1606 மே 3 ஆம் திகதி லண்டனில் தூக்கிலிடப்பட்டு உடல் கூறுபோடப்பட்ட குருவானவர் அவர். நாடகம் எழுதப்பட்டதும் ஏறக்குறைய அதே காலம். அரங்கில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அதே லண்டனில், கதவைத் தாளிட்டுக்கொண்டு இரகசியமாகப் பூசை கண்ட கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. அவர்களில் யாராவது அன்று அந்த அரங்கின் ஒரு மூலையில் நின்றிருந்தால்? சுற்றிலும் எல்லாரும் சிரிக்க, காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அவரும் சிரித்திருப்பார் அல்லவா? அந்த இரவு இந்த எண்ணம் வந்தபோதுதான், என் பையன் ஏன் சிரித்தான் என்று எனக்குப் புரிந்தது.

அன்பர்களே, அப்படியானால் கேலியே கூடாதா? வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. நான் தெரிந்தெடுத்த அதே வாசகத்தில் எலியாவே கேலி செய்கிறார்! காலை முதல் நண்பகல்வரை கத்திக் களைத்த பாகாலின் குருக்களைப் பார்த்து, இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள், உங்கள் தெய்வம் யோசனையில் இருக்கிறாரோ, வெளியே போனாரோ, பயணம் போனாரோ, தூங்குகிறாரோ என்று கேட்கிறார் (18:27). ஆனால் எண்ணிப் பாருங்கள். அவர் ஒருவர். எதிரே நின்றவர்கள் நானூற்று ஐம்பது பேர். அவர்களுக்குப் பின்னால் அரசனும் அரசியும். உயிரைப் பணயம் வைத்துச் செய்த கேலி அது. நான் அங்கி அணிந்து பீடத்தில் நின்றுகொண்டு, பதில் பேச முடியாத பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கேலி செய்தேன். (எலியாவின் சிரிப்பும் கடைசியில் இரத்தத்தில் போய் முடிந்தது என்பதை அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிப்பவர் காண்பார். அதை இனிப்புப் பூசி மறைக்க எனக்கு மனமில்லை.)

கீழிருந்து மேல் நோக்கிச் சிரிப்பதை மலையக மக்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. 1914 இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலை மக்களின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்து 1983 இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். மலைநாட்டு நாட்டார் பாடல்களில் கண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் கேலிக்கும் குறைவில்லை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் அதில் தப்பவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நடுங்கி நின்று, கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள், மலையில் நிரை பிடித்து நின்று கங்காணியைப் பாடிச் சிரித்தார்கள். கூலியைப் பறிக்கலாம், 1948 இல் பிரஜாவுரிமையையும் பறித்தார்கள். அந்தப் பாட்டைப் பறிக்க ஒருவராலும் முடியவில்லை.

நம் ஆண்டவரும் சிரிக்கத் தெரியாதவர் அல்லர். அவருடைய வேடிக்கைகளை நாம் கண்டுகொள்வதில்லை, அவ்வளவே. கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கப் போகிறவனை ஒரு நிமிடம் கண்முன் நிறுத்திப் பாருங்கள். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று பரிசேயரைச் சாடினாரே (மத்தேயு 23:24), அவர் பேசிய அரமேய மொழியில் அந்த இரண்டு சொற்களும் ஒலியில் மிக நெருக்கமானவை என்று வேத அறிஞர் கூறுவர். ஏறக்குறைய எலியும் எலியாவும் போல! தமிழுக்கு வரும்போது அந்தச் சொல் விளையாட்டு உதிர்ந்துபோகிறது. தவிரவும் நமக்கு ஒட்டகம் பழக்கமில்லை. ஆண்டவர் பூண்டுலோயாவில் பிறந்திருந்தால், தேயிலைச் சாக்கு ஏற்றிய லொறி ஊசியின் காதில் நுழைவது எளிது என்று சொல்லியிருப்பார், எல்லாரும் சிரித்திருப்போம். நாமோ அதை ஒப்பாரி இராகத்தில் வாசித்துவிட்டு உட்காருகிறோம்.

புனிதர்களின் சிரிப்பை இந்த நோக்கில் பாருங்கள். புனித தோமஸ் மூர் 1535 இல் தலை வெட்டப்படுவதற்காகப் பலிமேடை ஏறும்போது படி ஆடியது. ஏறுவதற்குக் கொஞ்சம் கைகொடுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற கருத்தில் அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். உரோமையில் மக்கள் தம்மைப் புனிதர் என்று கொண்டாடத் தொடங்கியபோது, புனித பிலிப்பு நேரி பாதித் தாடியை மட்டும் சிரைத்துக்கொண்டு வெளியே போனார். பரிகாசத்தின் முனையைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொண்டவர்கள். அதற்காகச் சிரிக்காத முகத்தோடு திரிவதே பக்தி என்று எண்ணிவிடவும் வேண்டாம். தானும் மகிழாமல், பிறர் மகிழ்வதையும் கெடுத்துக்கொண்டு சதா சுமையாய் இருப்பதும் ஒரு குறையே என்று புனித அக்குவினாஸ் தோமையார் தம் இறையியல் தொகுப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சிரிப்பு சாராவினுடையது. தொண்ணூறு வயதுக் கிழவிக்குப் பிள்ளை பிறக்கும் என்று விருந்தாளிகள் சொல்ல, கூடாரத்துக்குள் நின்று ஒட்டுக்கேட்டவள் தனக்குள் சிரித்துவிடுகிறாள் (ஆதியாகமம் 18). யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்? சாரா ஏன் சிரித்தாள் என்று ஆண்டவர் கேட்கிறார். அவள் பயந்து, சிரிக்கவில்லை என்கிறாள். இல்லை, நீ சிரித்தாய் என்கிறார் அவர். அதோடு விட்டுவிட்டார்! தண்டனை இல்லை, பழிப்பு இல்லை. ஒரு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தபோது அதற்கு ஈசாக்கு என்று பெயர். அவன் சிரிக்கிறான் என்பது அதன் பொருள். சாராவின் அவநம்பிக்கைச் சிரிப்பை ஆண்டவர் எடுத்து, அவள் மடியில் பிள்ளையாக வைத்தார். கேட்கிறவர்கள் எல்லாரும் தன்னோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்று அவள் பூரிக்கிறாள் (21:6). முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தவள், பிறகு ஊரையே கூட்டிச் சிரிக்கிறாள். ஆண்டவர் கொடுத்த பெயர் அது. நான் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பெயரும் உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை அந்த லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தார்கள், தேத்தண்ணி வந்தது. பையன் உள் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. நான் கதவைப் பார்த்தே பேசினேன். தம்பி, அன்றைக்கு வரியை உடைத்து அச்சடித்தது நான், வெளிச்சம் இல்லாத இடத்தில் நிற்க வைத்தது நான், கடைசியில் சிரிக்க வைத்ததும் நான், என்னை மன்னித்துக்கொள் என்றேன். பிறகு என் ‘நல்லாப் பேசுனீங்க’ கதையை முழுவதுமாகச் சொன்னேன். யாரை ஏசினேன் என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருந்ததையும் விடவில்லை. பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்தும் ஒரு சத்தம் வந்தது.

“அப்ப அன்னைக்கு மெய்யாலுமே பேசித்தான்புட்டீங்க சாமி, ஒங்க ஊருப் பேச்சு” என்றார் பாட்டி.

“ஆமாம் அம்மா, பேசித்தான்விட்டேன்” என்றேன்.

பையன் கதவோரம் வந்து நின்றான். திரும்ப வாசிக்க வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. அவனே தலையைக் குனிந்தபடி, “பேர ஒடைக்காம எழுதித் தருவீங்களா சாமி?” என்று கேட்டான்.

அன்றிரவே கறுப்பு மையால், பெரிய எழுத்தில், ஒரு பெயரும் இரண்டு வரியில் விழாதபடி வாசகம் முழுவதையும் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்தபின், அன்று சிரித்த அதே மக்கள் அமர்ந்திருக்க, அவன் நின்று வாசித்தான். ‘எலியா’ வந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பின்வரிசைக் குழந்தையைப் பார்த்தான். குழந்தை தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.